கோவிலை மூடியது பக்திக் குறைவா?

தாயில்பட்டிப் பக்கம் பட்டாசு ஆலைகளைப் பார்த்திருப்பீர்கள். ஒரு அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவே இடைவெளி விட்டுக் கட்டியிருப்பார்கள். மருந்து கையாளும் அறையில் 4 பேருக்கு மேல் உட்காரக்கூடாது என்பது விதி. ஒரு பொறி விழுந்தால் அது ஒருவரோடு நிற்காது அல்லவா? விதியை மீறிய இடங்களில் என்ன நடந்தது என்பதை இந்த ஊருக்குச் சொல்லவேண்டியது இல்லை.

இங்கே விலகி உட்காருகிறவரை யாரும் கோழை என்று சொல்வது இல்லை.

ஆனால் 2020-ல் கொரோனா வந்தபோது, அதே பேச்சு கோவில் வாசலில் எழுந்தது. மார்ச் 25-ந்தேதி நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியது. எல்லா மதத்துக் கோவில்களும் மூடப்பட்டன. ஏப்ரல் 10-ந்தேதி பெரிய வெள்ளி. 12-ந்தேதி ஈஸ்டர். பாதிரியார்கள் வெறும் பெஞ்சுகளுக்கு முன்னால் நின்று ஜெபித்தார்கள். ஜனங்கள் வீட்டில் இருந்தபடி செல்போனில் பார்த்தார்கள்.

"ஆண்டவர் காப்பாற்ற மாட்டாரா? நோய்க்குப் பயந்து கோவிலைப் பூட்டலாமா?" என்று பலர் மனம் வருந்தினார்கள்.

லூதர் சொன்ன பதில்

இந்தக் கேள்வி புதிது அல்ல. 1527-ல் ஜெர்மனியில் விட்டன்பர்க் நகரில் பிளேக் நோய் பரவியது. மார்ட்டின் லூதர் அங்கே இருந்தார். ஊரைவிட்டுப் போய்விடும்படி மன்னர் சொல்லியும் அவர் போகவில்லை. மனைவி காத்தரீனா அப்போது கர்ப்பிணி. அவர்கள் வீடே ஆஸ்பத்திரி ஆயிற்று.

'கொள்ளை நோய்க்குப் பயந்து ஓடலாமா?' என்று கேட்ட பாதிரிமாருக்கு லூதர் நீண்ட பதில் எழுதினார். மருந்து சாப்பிட வேண்டும். வீட்டுக்குப் புகை போட வேண்டும். தேவை இல்லாத இடத்துக்குப் போகக்கூடாது. தன் கவனக்குறைவால் இன்னொருவர் சாகக்கூடாது. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் உதவி என்று அழைத்தால் தயங்காமல் போகவேண்டும். மருந்தை வேண்டாம் என்பது பக்தி அல்ல, ஆண்டவரைச் சோதிப்பது என்பது அவர் கருத்து.

அதற்கும் முந்தியது பைபிள். நோய் இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் அந்த ஆளை 7 நாள் தனியே வைத்து, ஆசாரியர் மறுபடி பார்க்கவேண்டும் என்கிறது லேவியராகமம். தொழுநோய் என்று உறுதியானால் அவர் உதட்டை மூடிக்கொள்ள வேண்டுமாம். முகக்கவசம் மோசே காலத்துச் சங்கதி போலும்!

கல் எறிந்த கூட்டம்

விலகி இருப்பது ஒன்று. கைவிடுவது வேறு. ஈஸ்டர் முடிந்து ஒரே வாரத்தில் சென்னை இந்த வித்தியாசத்தைக் கண்டது.

ஏப்ரல் 19-ந்தேதி டாக்டர் சைமன் கொரோனாவால் இறந்தார். அவர் நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர். கீழ்ப்பாக்கம் கல்லறையில் அடக்கம் செய்ய எதிர்ப்பு கிளம்பியது. உடலை வேலங்காட்டுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஒரு கூட்டம் கல்லாலும் கட்டையாலும் தாக்கியது. ஆம்புலன்ஸ் கண்ணாடி நொறுங்கியது. கடைசியில் நண்பர் டாக்டர் பிரதீப்குமார் நள்ளிரவில் திரும்பி வந்து, தம் கையாலேயே மண்ணைத் தள்ளி அடக்கம் செய்தார்.

அந்தக் கூட்டமும் நோய்க்குப் பயந்ததுதான். பிரதீப்குமாருக்கும் பயம் இல்லாமல் இருந்திருக்காது. அந்த மாதமே, அடக்கத்தைத் தடுப்பவர்களுக்குச் சிறைத் தண்டனை விதிக்க தமிழக அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூட்டு

அரசு போட்ட உத்தரவு எல்லாம் சரி என்று சொல்லிவிட முடியாது. 2021 ஆகஸ்டில், வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் கோவில்களை மூடச் சொன்னார்கள். கூட்டம் கூடும் நாட்கள் என்பது காரணம். மசூதிக்கு வெள்ளி போயிற்று. மாதா கோவிலுக்கு ஞாயிறு போயிற்று. "மதுக்கடை திறந்திருக்கிறது, கோவிலுக்கு மட்டும் பூட்டா?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. உத்தரவுக்குக் கீழ்ப்படிவதும், அதைக் கேள்வி கேட்பதும் ஒன்றுக்கொன்று விரோதம் அல்ல.

அக்டோபர் 14-ந்தேதி முதல் எல்லா நாளும் திறக்கலாம் என்று அரசு அனுமதித்தது. அன்று வியாழக்கிழமை. கிறிஸ்தவர்கள் இன்னும் மூன்று நாள் காத்திருந்து, 17-ந்தேதி ஞாயிறு ஆராதனைக்குப் போனார்கள்.