எந்த மட்டையை எடுப்பது?

2021ஆம் ஆண்டு ஆகஸ்ட் 7ஆம் நாளைச் சொன்னால், டோக்கியோ ஒலிம்பிக்கில் நீரஜ் சோப்ரா ஈட்டியெறிந்து தங்கம் வென்ற நாள் என்று உடனே சொல்லிவிடுவீர்கள். அதே நாள் காலையில் நம் நாட்டுப் பெண் ஒருவர் பதக்கத்துக்கு ஒரே ஓர் அடியில் பின்தங்கினார் என்பதை எத்தனை பேர் அறிவீர்கள்? அவர் பெயர் அதிதி அசோக். 1998இல் பெங்களூரில் பிறந்தவர். அவர் ஆடியது கோல்ஃப்.

"சீமான்கள் ஆடும் ஆட்டம் நமக்கு எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நம் ஜவ்வாது மலையில் கோல்ஃப் திடல் கிடையாது. ஜமுனாமரத்தூர்க் கடைவீதியில் எவ்வளவு தேடினாலும் கோல்ஃப் மட்டை கிடைக்காது. மலையை விட்டு இறங்கி உதகைக்கோ கொடைக்கானலுக்கோ சென்றால் அந்தப் பசும்புல் திடல்களைக் காணலாம். கொடைக்கானல் கோல்ஃப் சங்கம் 1895இல் தொடங்கப்பெற்றது. அங்கே காட்டெருமைகளும் சந்தா கட்டாத உறுப்பினர்களாக வந்து மேய்ந்து போகும்! எனினும் இவ்வாட்டத்தை நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்று நான் விரும்புவதற்குக் காரணம் உண்டு. பலத்தில் குறைந்தவர் பலசாலியை வெல்லக்கூடிய ஆட்டம் இது. எப்படி என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் ஆட்டத்தைச் சுருக்கமாகப் பார்ப்போம். ஒரு திடலில் பதினெட்டுக் குழிகள். ஒவ்வொன்றும் 108 மில்லி மீட்டர் அகலம்; நம் கைக்குள் அடங்கும் சிறு சொம்பு நுழையும் அளவு. 46 கிராமுக்கு மேற்படாத ஒரு வெள்ளைப் பந்தை மட்டையால் அடித்து அடித்து அக்குழியில் விழச் செய்ய வேண்டும். யார் குறைந்த அடிகளில் முடிக்கிறாரோ அவரே வென்றவர். ஒவ்வொரு குழிக்கும் இத்தனை அடி என்று ஒரு கணக்கு உண்டு; பெரும்பாலும் மூன்று, நான்கு அல்லது ஐந்து. இதற்குப் 'பார்' என்று பெயர். இடையில் குளம், மணற்குழி, மரக்கூட்டம், முழங்கால் உயரப் புல் எல்லாம் வழிமறிக்கும்.

ஆட்டக்காரர் பதினான்கு மட்டைகள் வரை கொண்டு செல்லலாம். அதற்கு மேல் விதி இடந்தராது. ஏன் இத்தனை? நம் வீட்டுச் சமையலறையைப் பாருங்கள். தோசைத் திருப்பியால் ரசம் பரிமாறுவோமா? சாரணியால் குழம்பு ஊற்றுவோமா? அது போலத்தான். மட்டைக்கு மட்டை இரண்டு வேறுபாடுகள் உண்டு. ஒன்று, கோலின் நீளம். மற்றொன்று, பந்தைத் தொடும் முகம் எவ்வளவு பின்சாய்ந்திருக்கிறது என்பது. இந்தச் சாய்வே முக்கியம். 'டிரைவர்' எனும் நெடுமட்டையின் கோல் ஏறத்தாழ 45 அங்குலம். முகச்சாய்வு பத்துப் பாகை அளவே. ஆகவே பந்து தாழ்வாகக் கிளம்பி வெகுதூரம் போகும். 'அயர்ன்' எனப்படும் இரும்பு மட்டைகளுக்கு எண்கள் உண்டு. எண் ஏற ஏறக் கோல் குட்டையாகும், முகம் மேலும் சாயும், பந்து உயர எழும்பி அருகிலேயே இறங்கும். மணற்குழியிலிருந்து பந்தைத் தூக்க 'வெட்ஜ்' என்ற மட்டை; அதன் சாய்வு ஐம்பது பாகைக்கும் மேல். அதன் அடிப்பாகம் தடித்திருப்பதால் மணலுக்குள் புதையாமல் வழுக்கிச் செல்லும். அமெரிக்க ஆட்டக்காரர் ஜீன் சாரசன் 1932இல் இத்தகைய மட்டையைக் கொண்டு பிரிட்டிஷ் ஓப்பன் பட்டத்தை வென்ற பின் அது எங்கும் பரவிற்று. கடைசியில், குழிக்கு அருகிலுள்ள வழவழப்பான புல்வெளியில் பந்தை உருட்டித் தள்ளுவதற்குப் 'பட்டர்'. ரொட்டிக்குத் தடவும் பட்டர் அன்று!

மலைப்பிள்ளைகளாகிய உங்களுக்கு அடுத்த பாடம் எளிது. கையெட்டும் புளியங்காய்க்கு வெறுங்கை, சற்று உயரத்தில் தொங்கினால் துரட்டி, உச்சிக்கிளை என்றால் கல். ஆனால் அதே மரம் மேட்டில் நின்றால் கல்லை இன்னும் வேகமாக வீசுவீர்கள் அல்லவா? யாரும் அதைச் சொல்லித் தரவில்லை. கோல்ஃபிலும் குழி முப்பது அடி மேட்டில் இருந்தால் ஏறத்தாழப் பத்துக் கஜம் கூடுதலாகக் கணக்கிட்டு, அதற்கேற்ற நெடிய மட்டையை எடுப்பர். இறக்கமானால் எதிர்மாறு. எதிர்க்காற்று வீசினால் எண் குறைந்த மட்டையை எடுத்து நிதானமாக அடிப்பர். காற்றை வெல்ல வேண்டுமென்று ஓங்கி அடித்தால் பந்து அதிகமாகச் சுழன்று மேலே எழும்பிக் காற்றுக்கே இரையாகும். இன்னொன்று. சரிவில் குறுக்காக நிற்கையில் பந்து பாதத்தைவிட மேட்டில் இருந்தால், வலக்கையாட்டக்காரர் அடிக்கும் பந்து இடப்புறம் திரும்பும். பள்ளத்தில் இருந்தால் வலப்புறம் ஓடும். சாமைக் கொல்லையின் சரிவில் நின்று களையெடுத்தவர்களுக்கு, கால் ஒரு பக்கம் இருக்க உடம்பு ஒரு பக்கம் சாய்வது தெரியும்.

உயரம் கூடினால் காற்று மெலியும். பந்தைத் தடுக்கும் தடையும் குறையும். ஆயிரம் அடி உயரத்துக்கு நூற்றுக்கு இரண்டு பங்கு தூரம் கூடும் என்பது ஒரு தோராயக் கணக்கு. சென்னையில் 150 கஜம் போகும் அடி, ஏழாயிரம் அடிக்கும் மேலான உதகையில் 170 கஜத்தை நெருங்கிவிடும். அறியாதவர் பழகிய மட்டையையே எடுத்துப் பந்தைக் குழிக்கு அப்பால் புதருக்குள் அனுப்புவார்! காற்றே இல்லாத இடத்திலும் ஒருவர் ஆடியிருக்கிறார். 1971 பிப்ரவரியில் சந்திரனில் இறங்கிய ஆலன் ஷெப்பர்ட், கல்மண் அள்ளும் கருவியின் கைப்பிடியில் ஆறாம் எண் அயர்னின் தலையைப் பொருத்தி, பருத்த விண்வெளி உடையோடு ஒற்றைக் கையால் அடித்தார். மைல்கணக்கில் போயிற்று என்று வேடிக்கையாகச் சொன்னார். பிற்காலத்தில் படங்களை ஆராய்ந்து அளந்தபோது இரண்டாம் பந்து நாற்பது கஜந்தான் போயிருந்தது. நம் காவலூர் தொலைநோக்கியில் அப்பந்து தெரியுமா என்று கேட்காதீர்கள், தெரியாது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். தூரத்தை அறிந்து மட்டையை எடுப்பது பாதிப் பாடம். அடி தவறினால் பந்து எங்கே போகும் என்று முன்கூட்டியே எண்ணிப் பார்ப்பது மறுபாதி.

1999ஆம் ஆண்டு. ஸ்காட்லாந்தின் கார்னுஸ்டி திடலில் பிரிட்டிஷ் ஓப்பன் பந்தயம். பிரான்ஸ் நாட்டின் ழான் வான் டி வெல்ட் கடைசிக் குழிக்கு வரும்போது மூன்று அடிகள் முன்னணியில் இருந்தார். நான்கு அடிக் குழி அது. ஆறு அடிகளில் முடித்தாலும் கோப்பை அவருக்கே! குட்டை மட்டைகளால் பைய அடித்திருந்தால் போதும். அவரோ டிரைவரை எடுத்தார். பந்து வலப்புறம் வெகுவாக விலகினாலும் நல்லவேளையாக ஓடையில் விழாமல் தப்பியது. சரி, அடுத்ததாவது சிறிய அடியா? இல்லை. இரண்டாம் எண் அயர்னால் நேரே குழியை நோக்கி அடித்தார். பந்து பார்வையாளர் மேடையில் மோதித் திரும்பி வந்து அடர்ந்த புல்லில் விழுந்தது. அங்கிருந்து அடித்தது பாரி ஓடைக்குள். காலணி கழற்றி, காற்சட்டையை மடித்துத் தண்ணீரில் இறங்கி நின்று யோசித்தார். பின் அபராத அடி, மணற்குழி... முடித்தபோது ஏழு. மூவர் சமநிலை. அதற்குமேல் நடந்த ஆட்டத்தில் பால் லாரி வென்றார். வான் டி வெல்ட் திறமையற்றவர் அல்லர். அதுவரை எழுபத்தொரு குழிகளில் அத்தனை பேரையும் முந்தியவர். அவருடைய கைகள் அவரைக் கைவிடவில்லை. பையிலிருந்து உருவிய மட்டைதான் கைவிட்டது என்பேன். அவர் தைரியத்தைப் புகழ்வோரும் உண்டு. எனக்கு அந்தக் கட்சியில் சேர மனமில்லை.

இப்படிப்பட்ட வேளையில் அருகில் நின்று ஆலோசனை சொல்ல ஓர் ஆளுக்கு மட்டும் விதி இடந்தருகிறது. மட்டைப் பையைச் சுமக்கும் 'கேடி'தான் அவர். நம் நாட்டில் ஏழைச் சிறுவர்கள் பலர் கூலிக்காக இவ்வேலையில் சேர்ந்தனர். அவர்களுள் சிலர் பை சுமந்தபடியே ஆட்டத்தைக் கற்றனர். டெல்லியில் கேடியாக இருந்த அலி ஷேர் 1991இல் இந்திய ஓப்பன் பட்டத்தை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரரானார். பெங்களூரில் பை சுமந்த முனியப்பா 2009இல் அதே பட்டத்தை வென்றார். சீமான்கள் ஆட்டம் என்று நீங்கள் கேட்டதற்கு இதுவும் ஒரு பதில்.

டோக்கியோவில் அதிதியின் பையைச் சுமந்தவர் யார் தெரியுமா? அவருடைய தாயார்! அவ்வாண்டு கோடையில் கொரோனா நோய் கண்டு தேறிய அதிதிக்கு உடலில் வலு குன்றியிருந்தது. அறுபது பேர் ஆடிய பந்தயத்தில் முதல் அடியின் தூரத்தில் அவர் ஏறக்குறையக் கடைசி வரிசை. உலகின் முதல் நிலையில் இருந்த அமெரிக்காவின் நெல்லி கோர்டா இரண்டாம் அடிக்குக் குட்டை அயர்னை எடுக்கும்போது, அதிதி 'ஹைபிரிட்' என்னும் கலப்பு மட்டையை எடுக்க வேண்டியிருந்தது. அதனால் அவர் நாணவில்லை, அவசரப்படவும் இல்லை. தம்மால் இவ்வளவுதான் முடியும் என்பதை மறைக்காமல் மட்டையைத் தேர்ந்தார். பந்தை நேர்வழியில் வைத்துக்கொண்டு, குழிக்கருகே சென்றதும் பட்டரால் கடனைத் தீர்த்தார். உருட்டித் தள்ளுவதில் அவருக்கு நிகரானவர் அங்கே மிகச் சிலரே.

நான்கு நாள் அடிகள்: 67, 66, 68, 68. மொத்தம் 269. கோர்டா 267இல் தங்கம் பெற்றார். ஜப்பானின் மோனே இனாமியும் நியூசிலாந்தின் லிடியா கோவும் 268இல் சமநிலை. கடைசி நாள் இடி மின்னலால் ஆட்டம் இடையில் நின்று மீண்டும் தொடங்கியது. பதினெட்டாம் குழியில் அதிதி ஓர் அடி மிச்சப்படுத்தினால் அவ்விருவரோடும் பதக்கத்துக்கு மோதலாம். தூரத்திலிருந்து பட்டரால் உருட்டினார். தாயார் பையோடு பக்கத்தில் நின்றார். பந்து குழியில் விழவில்லை. நான்காம் இடம்.

அன்று மாலை ஈட்டி பறந்தது. நாடே அதைக் கொண்டாடியது, கோல்ஃப் மறந்துபோயிற்று. 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கிலும் அதிதி ஆடினார். அது அவருக்கு மூன்றாவது ஒலிம்பிக்.