பக்கவாத்தியத்திலிருந்து வாத்தியக் கோஷ்டிக்கு

இசையமைப்பாளர் ஜி. ராமநாதன் பிறந்தது, ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே கொள்ளிடத்தின் அக்கரையில் இருக்கும் பிச்சாண்டார்கோவிலில். பின்னாளில் 'சங்கீத சக்கரவர்த்தி' என்று பெயர் வாங்கியவருக்குப் பள்ளிப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு முடிந்தது. அண்ணன் சுந்தர பாகவதர் பெயர் பெற்ற கதாகாலட்சேபக்காரர். தஞ்சாவூரில் சங்கீதம் பயின்ற தம்பி, அண்ணனின் கச்சேரிகளுக்கு ஆர்மோனியம் வாசிக்கத் தொடங்கினார். அதுவே அவருடைய முதல் தொழில்.

காலட்சேபத்தில் எழுதிவைத்த வரிசை என்று ஒன்று கிடையாது. பாகவதர் சிப்ளாக்கட்டையைத் தட்டிக்கொண்டு வசனத்திலிருந்து விருத்தத்துக்கும், விருத்தத்திலிருந்து நாமாவளிக்கும் நினைத்த இடத்தில் தாவுவார். ராகம் மாறப்போகிறது என்பதை அவர் முதல் எழுத்தை இழுக்கும் விதத்திலிருந்தே பக்கத்தில் இருப்பவர் ஊகிக்க வேண்டும். ஒரு கை துருத்தியில், மறு கை கட்டைகளில், கண் பாகவதர் முகத்தில். பிற்காலத்தில் பலரை வழிநடத்திய ராமநாதனுக்கு, ஒருவரைப் பின்தொடர்ந்த இந்த ஆண்டுகளே பயிற்சிக்கூடம்.

திருச்சி மேடை

அப்போதைய திருச்சியில் நாடகமும் சங்கீதமும் ஒன்றாகவே வளர்ந்தன. தென்னிந்திய ரயில்வே அதிகாரியான எஃப்.ஜி. நடேச ஐயர் 1914-இல் தொடங்கிய ரசிக ரஞ்சன சபாவின் 'அரிச்சந்திரா' நாடகத்தில் லோகிதாசனாக மேடையேறிய சிறுவன்தான் எம்.கே. தியாகராஜ பாகவதர். 'பவளக்கொடி' (1934) அவரைத் திரை நட்சத்திரமாக்கியது. 1936-இல் வெளிவந்த பாகவதரின் 'சத்தியசீலன்' படத்தோடு ராமநாதனின் திரையிசைப் பயணம் தொடங்குகிறது.

அன்று பின்னணிப் பாட்டு முறை வரவில்லை. நடிகரே காமிராவின் முன் நின்று பாடுவார். வாத்தியக்காரர்கள் சட்டகத்துக்கு வெளியே, சில சமயம் மரத்தின் மறைவில்கூட உட்கார்ந்து வாசிப்பார்கள். ஒலி சமநிலையை உட்காரும் இடமே தீர்மானித்தது: சத்தமான வாத்தியம் மைக்கிலிருந்து தள்ளி, மெல்லியது பக்கத்தில். தபலாக்காரர் ஒரு அடி தவறினாலும் பாட்டு முதலிலிருந்து தொடங்கும், பிலிமும் வீணாகும். மேற்கத்திய ஆர்க்கெஸ்ட்ராவின் நடத்துநர் கோலால் செய்வதை, இங்கே கோஷ்டித் தலைவர் ஆர்மோனியத்தின் முன் அமர்ந்தபடி தலையசைப்பாலும் கண் ஜாடையாலும் செய்தார். 1938-இல் வந்த 'நந்தகுமார்' தமிழில் பின்னணிப் பாட்டுக்கு வழி திறந்தது. பாட்டு முன்னதாகவே பதிவான பிறகு, கோஷ்டியை அமர்த்தி ஒத்திகை பார்க்கவும் விரிவாக வாத்தியம் சேர்க்கவும் இடம் கிடைத்தது.

வாத்தியம் சேர்த்தல்

ஆர்மோனியத்துக்கு ஒரு குறை உண்டு. கட்டைகள் நிலையானவை என்பதால் ஸ்வரத்தை அசைத்து, வழுக்கிக் கமகம் பிடிக்க முடியாது. 1939 மே 16-இல் திருச்சி வானொலி நிலையம் தொடங்கிய சில மாதங்களில், 1940 மார்ச் முதல், அகில இந்திய வானொலி இந்தக் காரணத்தையும் சொல்லியே ஆர்மோனியத்தை விலக்கிவைத்தது. ராமநாதன் கைதேர்ந்திருந்த வாத்தியத்துக்குச் சொந்த ஊர் நிலையத்தின் கதவு அடைபட்டது. சினிமாவில் அந்தத் தடை இல்லை. அங்கே ஆர்மோனியம் மெட்டுப் போடவும் பாடகருக்குச் சொல்லிக்கொடுக்கவும் பயன்பட்டது. நெளிவு சுளிவுகளை வயலின் போன்ற வாத்தியங்கள் ஏற்றுக்கொண்டன.

சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் 'உத்தமபுத்திரன்' (1940), அடுத்து 'ஆர்யமாலா' (1941) என்று பி.யு. சின்னப்பா படங்களுக்கும் அவர் இசையமைத்தார். பாகவதரின் 'சிவகவி' (1943), 'ஹரிதாஸ்' (1944) இரண்டிலும் வேலை வேறு விதமாகப் பங்கிடப்பட்டது. பாடல்களும் மெட்டுகளும் பாபநாசம் சிவனுடையவை. அவற்றுக்கு வாத்திய இசை அமைத்துக் கோஷ்டியை நடத்தும் பொறுப்பு ராமநாதனுடையது. மெட்டைத் தந்தவர் வேறொருவர் என்பதால், மேதையான ஒருவரின் குரலையும் இன்னொருவரின் சாகித்தியத்தையும் மறைக்காமல் எங்கே வாத்தியம் நுழையலாம், எங்கே ஒதுங்கலாம் என்பதே கேள்வி. காலட்சேப மேடையில் பழகிய அதே கேள்வி.

'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அதில் வந்த 'மன்மத லீலை' பாட்டு, 26-ஆவது மேளகர்த்தாவான சாருகேசியைத் தெருவெங்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. அதே ராகத்தை ராமநாதன் 1958-இல் 'சாரங்கதரா' படத்தின் 'வசந்த முல்லை' பாட்டில் மீண்டும் எடுத்தபோது மெட்டும் அவருடையதாகவே இருந்தது.

இடையில் 1950-இல் மாடர்ன் தியேட்டர்ஸின் 'மந்திரி குமாரி' வந்தது. அதில் ஜிக்கியோடு பாடிய திருச்சி லோகநாதனின் குரலும் ராமநாதனின் இசையும் பாகவதர் காலத்து நீண்ட கீர்த்தனை பாணியிலிருந்து விலகி, சுருக்கமான மெல்லிசைக்கு நகர்ந்தன. ராகம் மட்டும் கைவிடப்படவில்லை. 'தூக்குத் தூக்கி', 'வீரபாண்டிய கட்டபொம்மன்', 'கப்பலோட்டிய தமிழன்' எனத் தொடர்ந்த அந்தப் பயணம் 1963-இல் அவர் மறைவோடு நின்றது.