இடவப்பாதிக்கு முன் காரின் கண்ணாடி ஏறுகிறதா?

நம் சங்கத்துக் குடும்பங்களில் பலர் விடுமுறை வந்தால் நாகர்கோவிலுக்கும் திருநெல்வேலிக்கும் சொந்தக் காரில் போய் வருகிறார்கள். ஜூன் தொடக்கத்தில் இடவப்பாதி, அக்டோபரில் துலாவர்ஷம் என்று ஆண்டில் இரண்டு மழைக்காலம் காணும் ஊர் திருவனந்தபுரம். போதாக்குறைக்குக் கடற்காற்றின் உப்பும் உண்டு. இவை இரண்டும் சேர்ந்து கதவுக்குள் இருக்கும் பவர் விண்டோவைப் பாழாக்குவதை, கரமனைப் பக்கம் பல ஆண்டுகள் வண்டிகளுக்கு மின்சார வேலை செய்த நான் நிறையவே பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் தெரிந்ததை நம் வாசகர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் ஒரு மொழிக் குறிப்பு. இங்குள்ள ஒர்க்‌ஷாப்பில் "கண்ணாடி வேலை செய்யவில்லை" என்று சொன்னால், மெக்கானிக் பக்கவாட்டில் இருக்கும் மிர்ரரைப் பார்ப்பார். மலையாளத்தில் கண்ணாடி என்றால் முகம் பார்ப்பதும் மூக்கில் மாட்டுவதும்தான். கதவுக் கண்ணாடிக்குச் "சில்லு" அல்லது "கிளாஸ்" என்று சொல்லுங்கள்.

ஸ்விட்சைத் தொட்டதும் கண்ணாடி ஏறி இறங்கும் வசதி 1940-லேயே அமெரிக்காவின் பேக்கார்டு கார்களில் வந்துவிட்டது. இன்று அந்த வேலையைச் செய்வது ஒரு சிறு மோட்டாரும் ரெகுலேட்டரும். பெரும்பாலான கார்களில் ரெகுலேட்டர் என்பது நம் ஊர்க் கிணற்று ராட்டினம் போன்றதே. மோட்டார் ஓர் உருளையைச் சுற்றுகிறது. உருளையில் சுற்றிய மெல்லிய எஃகுக் கம்பி, தண்டவாளம் போன்ற தகட்டின் மேல் ஒரு பிளாஸ்டிக் துண்டை மேலும் கீழும் இழுக்கிறது. அந்தத் துண்டு கண்ணாடியின் அடிப்பாகத்தைத் தாங்கிக்கொள்கிறது. கம்பி துருப்பிடித்துப் பிரிவதும், அந்தப் பிளாஸ்டிக் துண்டு உடைவதுமே நான் அதிகம் கண்ட பழுதுகள்.

பழுது எங்கே என்பதைக் காதாலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். ஸ்விட்சை அழுத்தினால் சத்தமே இல்லையா? ஃபியூஸ், ஸ்விட்ச், கதவுக்கும் உடலுக்கும் நடுவே ரப்பர் குழாயில் மடங்கி மடங்கி அறுந்துபோகும் வயர், மோட்டார் என்ற வரிசையில் பார்க்க வேண்டும். சத்தமில்லாவிட்டாலும் உள்விளக்கு லேசாக மங்குகிறதென்றால் மோட்டாருக்கு மின்சாரம் போகிறது, ஏதோ ஒன்று இறுகிப் பிடித்திருக்கிறது என்று பொருள். மோட்டார் சுற்றும் ஓசை கேட்டும் கண்ணாடி அசையாவிட்டால் கம்பியோ பிளாஸ்டிக் துண்டோ போய்விட்டது. கண்ணாடி மெதுவாகத் திணறி ஏறினால் இரண்டு பக்க ரப்பர்க் காடியில் மண்ணோ வறட்சியோ இருக்கலாம். அதைத் துடைத்துச் சிலிக்கான் ஸ்பிரே அடித்தாலே பல நேரம் சரியாகிவிடும். எண்ணெயும் கிரீஸும் வேண்டாம், அவை புழுதியைச் சேர்த்துவிடும்.

இதைத் தெரிந்துகொண்டு போனால் செலவு குறையும். ஃபியூஸ் போனதற்கு முழு செட்டையும் மாற்ற வேண்டியதில்லை. சில வண்டிகளுக்கு மோட்டார் தனியாகவும் ரெகுலேட்டர் தனியாகவும் கிடைக்கும். எதை மாற்றினாலும் கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

கூரையை மடக்கும் கன்வெர்ட்டிபிள் கார் நம் ஊரில் அபூர்வம். ஆனால் அதன் கண்ணாடி வேலை தனி ரகம். சாதாரணக் கதவில் கண்ணாடியைச் சுற்றிச் சட்டம் உண்டு. வேலை செய்யும்போது கண்ணாடியை மேலே ஏற்றி அகலமான டேப்பால் சட்டத்தோடு ஒட்டி நிறுத்தலாம். கன்வெர்ட்டிபிளில் சட்டமே கிடையாது. அதனால் கதவுக்குள் மரக்கட்டை முட்டுக் கொடுக்க வேண்டும், அல்லது கண்ணாடியையே வெளியே எடுத்துவிட வேண்டும். அந்த வகை வண்டிகள் பலவற்றில், கதவுப் பிடியை இழுத்ததும் கண்ணாடி சற்றே இறங்கும், கதவை மூடியதும் ஏறிக் கூரை ரப்பரில் பதியும். ரெகுலேட்டர் தளர்ந்தால் கண்ணாடி சாய்ந்து ரப்பரில் மோதும், மழைநீர் நேராக இருக்கையில் விழும். ஆகவே, போல்ட்டுகளைக் கழற்றும் முன் அவை இருந்த இடத்தைப் பேனாவால் குறித்துக்கொள்வது மிக அவசியம். அந்தக் குறியே திரும்பப் பொருத்தும்போது கண்ணாடியின் சாய்வைத் தீர்மானிக்கும்.

இனி எல்லாக் கார்களுக்கும் பொதுவானவை. பேட்டரி இணைப்பைக் கழற்றிச் சில நிமிடம் பொறுத்த பிறகே கதவில் கை வைக்க வேண்டும், பல வண்டிகளில் கதவுக்குள் ஏர்பேக் தொடர்பான கருவிகள் இருக்கின்றன. உள்ளே தகட்டு விளிம்புகள் கத்தி போல் இருக்கும், கையுறை போடுங்கள். கதவு அட்டைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழித்து எறியாமல் திரும்ப ஒட்டச் சொல்லுங்கள். அது இல்லாவிட்டால் கதவுக்குள் இறங்கும் மழைநீர் காருக்குள் வந்துவிடும். கதவின் அடியில் உள்ள வடிகால் துளைகளையும் அப்போதே குச்சியால் சுத்தம் செய்யலாம். அவை அடைத்தால் தண்ணீர் தேங்கிக் கம்பி துருப்பிடிக்கும். பேட்டரியைத் திரும்ப இணைத்தபின், கண்ணாடியை முழுதும் ஏற்றி ஸ்விட்சைச் சில விநாடி பிடித்திருந்தால்தான் சில வண்டிகளில் தானியங்கி ஏற்றம் மீண்டும் வேலை செய்யும். முறை வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டைப் பாருங்கள்.

இது வெறும் சௌகரிய விஷயம் அன்று. குழந்தைகள் கண்ணாடிக்கு வெளியே தலை நீட்டும் பழக்கம் உள்ளவர்கள். பழைய வகை ஸ்விட்சில் குழந்தையின் முழங்கால் பட்டாலே கண்ணாடி ஏறிக் கழுத்தை நெரிக்கக்கூடும். தவறுதலாகப் பட்டால் ஏறாதபடி ஸ்விட்ச் அமைய வேண்டும் என்று அமெரிக்க அரசு 2004-ல் விதி செய்ததே இத்தகைய உயிரிழப்புகளால்தான். பின் இருக்கையில் பிள்ளைகள் இருந்தால் ஓட்டுநர் பக்கத்துப் பூட்டு ஸ்விட்சைப் போட்டுவிடுங்கள். சாவியைப் பிள்ளைகளோடு காரில் விட்டுப் போகவும் வேண்டாம்.

இன்னொன்று வெள்ளம். 2018 ஆகஸ்டில் கேரளம் பட்ட பாடு நமக்கு மறக்காது. கார் நீரில் இறங்கிவிட்டால் வெளியிலுள்ள நீரின் அழுத்தத்தால் கதவைத் திறப்பது கடினம். முதல் ஒரு நிமிடத்துக்குள் கண்ணாடியை இறக்கி வெளியேறுவதே நல்ல வழி. அந்த நேரத்தில் பழுதான ரெகுலேட்டர் கையை விரித்துவிடும்.

எனவே மே மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமையில் நான்கு கண்ணாடிகளையும் இருமுறை ஏற்றி இறக்கிக் காது கொடுத்துக் கேளுங்கள். ஒன்று திணறினால் மழைக்குக் காத்திராமல் மறுநாளே காட்டிவிடுங்கள்.