ஸ்பைடர்மேன் வலை வீசியும் க்வென் ஏன் பிழைக்கவில்லை? சூப்பர் ஹீரோ படங்கள் மறக்கும் வகுத்தல் கணக்கு!

பாலத்தின் உச்சியிலிருந்து காதலி விழுகிறாள். ஸ்பைடர்மேன் வலையை வீசுகிறான். தண்ணீரைத் தொடுவதற்குள் வலை அவள் காலைப் பற்றிவிடுகிறது. காப்பாற்றிவிட்டோம் என்ற சந்தோஷத்தில் தனக்குத்தானே பெருமை பேசிக்கொண்டு மேலே இழுக்கிறான். மேலே வந்து சேர்வது உயிரில்லாத உடல்.

1973 ஜூன் மாத தேதியிட்டு வந்த 'தி அமேஸிங் ஸ்பைடர்மேன்' காமிக்ஸின் 121-வது இதழ் இது. ஜெர்ரி கான்வே எழுத, கில் கேன் வரைந்தார். ஹீரோவின் காதலி என்றால் கடைசிப் பக்கத்தில் எப்படியும் பிழைத்துவிடுவாள் என்று பழகிப்போயிருந்த வாசகர்களுக்கு அது பேரிடி. வலை காலைப் பற்றும் அந்தக் கட்டத்தை உற்றுப் பார்த்தவர்களுக்கு இன்னோர் அதிர்ச்சி. க்வென் ஸ்டேசியின் கழுத்துக்குப் பக்கத்தில், பொடி எழுத்தில், ஒரு சின்னச் சத்தம்: 'ஸ்நாப்'. (கதைப்படி அது ஜார்ஜ் வாஷிங்டன் பாலம். வரைந்திருப்பதோ புரூக்ளின் பாலம் மாதிரி இருக்கும். ரசிகர்கள் அதையும் விட்டுவைக்கவில்லை.)

வில்லன் கிரீன் காப்ளின் ஒரு விளக்கம் சொல்கிறான். அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தால் தரையைத் தொடும் முன்பே உயிர் போய்விடுமாம். அப்பட்டமான பொய். அப்படியென்றால் விமானத்திலிருந்து குதித்து ஒரு நிமிடம்வரை விழுந்துகொண்டே போகும் ஸ்கைடைவிங் வீரர்கள் ஒருவரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள். விழுவதால் யாரும் சாவதில்லை, நிற்பதால்தான் சாகிறார்கள். கடிதம் எழுதிக் கொந்தளித்த வாசகர்களுக்கு, பின்னால் ஓர் இதழில் ஆசிரியர் குழு கொடுத்த பதிலும் இதுதான். சட்டென்று நின்ற அதிர்ச்சியில் கழுத்து முறிந்தது. அதாவது, காப்பாற்ற வந்த வலையே கொன்றது.

சூப்பர் ஹீரோ கதைகளில் அறிவியல் இவ்வளவு கொடூரமாக, இவ்வளவு சரியாக வந்த இடம் வேறு இல்லை எனலாம்.

வகுத்தல் தெரிந்தால் போதும்

அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் ஜேம்ஸ் ககாலியோஸ், இந்தக் காட்சியை வைத்தே மாணவர்களுக்குப் பாடம் எடுத்தவர். 2005-ல் வெளியான அவருடைய 'தி ஃபிசிக்ஸ் ஆஃப் சூப்பர் ஹீரோஸ்' புத்தகத்தில் க்வென்னின் மரணத்துக்கு முக்கிய இடம் உண்டு. அவர் போட்ட கணக்கின்படி க்வென் விழுந்த தூரம் சுமார் 300 அடி, அதாவது 90 மீட்டர். அந்த இடத்தில் வேகம் மணிக்கு ஏறக்குறைய 150 கிலோமீட்டர்.

இனி வருவது பள்ளிக்கூடக் கணக்கு. காற்றின் தடையை ஒதுக்கிவிட்டால், விழுந்த உயரத்தை, நிற்க எடுத்துக்கொண்ட தூரத்தால் வகுத்தால் போதும். உடல் எடையைப்போல் எத்தனை மடங்கு அடி விழும் என்பது தோராயமாகக் கிடைத்துவிடும். 90 மீட்டர் விழுந்தவளை வலை 2 மீட்டருக்குள் நிறுத்தியிருந்தால் 45 மடங்கு. 50 கிலோ எடையுள்ள பெண்ணின் காலைப் பிடித்து, இரண்டேகால் டன் எடையை நொடியில் ஒரு பகுதி நேரத்துக்குத் தொங்கவிட்டதுபோல. போர் விமானிகள் பயிற்சியோடும் சிறப்பு உடையோடும் சில நொடிகள் தாங்குவதே 9 மடங்குதான்.

அதே வலை 30 மீட்டருக்கு மெல்ல இழுபட்டு நிறுத்தியிருந்தால்? மூன்று மடங்கு. ரோலர் கோஸ்டரில் கத்திக்கொண்டு இறங்குபவர்களுக்குக் கிடைப்பதும் ஏறக்குறைய அதுதான்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நிஜச் சிலந்தியின் இழை இழுத்தால் நீளும். அறுந்துபோவதற்கு முன் தன் நீளத்தில் கால் பங்குக்கு மேலேயே நீளும். 90 மீட்டர் நீள வலை அப்படி நீண்டிருந்தால் கிட்டத்தட்ட அந்த 30 மீட்டர் கிடைத்திருக்கும். ஸ்பைடர்மேனின் வலை, சிலந்தியின் வலைபோல இருந்திருந்தால் க்வென் பிழைத்திருக்க வாய்ப்புண்டு!

ஹீரோவுக்குச் சக்தி உண்டு... அவளுக்கு?

'சினிமாவில் போய் லாஜிக் பார்ப்பதா?' என்ற கேள்வி வரும். நியாயம்தான். ஒருவன் பறக்கிறான் என்பதை டிக்கெட் வாங்கும்போதே ஒப்புக்கொண்டாகிவிட்டது. அதில் சண்டை போடுவது வீண். சூப்பர்மேன் வேற்றுக் கிரகத்தவன். அவனுக்கு எலும்பு முறியாது என்றால் சரி, முறியாது. ஆனால், அவன் காப்பாற்றுகிற ஆள்? அவள் வேற்றுக் கிரகத்திலிருந்து வரவில்லை. செய்தித்தாள் அலுவலகத்தில் வேலை பார்க்கும் சாதாரண மனுஷி. அவளுக்கு இருப்பது நம் எல்லோருக்கும் இருக்கும் அதே கழுத்துதான்.

1978-ல் ரிச்சர்ட் டோனர் இயக்கத்தில் வந்த 'சூப்பர்மேன்' படத்தின் ஹெலிகாப்டர் காட்சியை இந்தக் கண்ணோடு பார்த்தால் பகீரென்கிறது. மொட்டை மாடியில் விபத்துக்குள்ளான ஹெலிகாப்டரிலிருந்து லோயிஸ் லேன் கீழே விழுகிறாள். கிறிஸ்டோபர் ரீவ் கீழேயிருந்து மேலே பறந்து வந்து, இரண்டு கைகளில் தாங்கிக்கொள்கிறார். தியேட்டரில் விசில் பறந்திருக்கும். ஆனால் எதிரெதிரே வரும் இரண்டு லாரிகளைப்போல, இரண்டு வேகங்களும் இங்கே கூடிக்கொள்கின்றன. அதுவும் இரும்பைவிட உறுதியான கைகள், ஓர் அங்குலம்கூட வளைந்துகொடுக்காத கைகள். அதைவிட அவள் தரையில் விழுந்திருக்கலாம்! 'தி பிக் பேங் தியரி' தொடரில் ஷெல்டன் இதே காட்சியைச் சொல்லி, லோயிஸ் மூன்று துண்டாகியிருப்பாள் என்று வாதாடுவது அதன் ரசிகர்களுக்கு ஞாபகம் இருக்கும். நகைச்சுவைக்காக எழுதியது என்றாலும் ஷெல்டன் பக்கம்தான் நியாயம்.

'தி டார்க் நைட்' (2008) படத்தில் பேட்மேனும் ரேச்சலும் அடுக்குமாடியிலிருந்து விழுந்து, ஒரு காரின் கூரையை நசுக்கிக்கொண்டு இறங்கி, பேசிக்கொண்டே எழுகிறார்கள். பேட்மேனின் மேலங்கியைப் பற்றி இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழக மாணவர்கள் 2012-ல் கணக்குப் போட்டார்கள். 150 மீட்டர் உயரக் கட்டடத்திலிருந்து அதை விரித்து மிதந்து வந்தால் தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர். பாராசூட் வாங்கிக்கொள்வது உத்தமம்.

அயர்ன் மேனும் முட்டையும்

கவசம் போட்டிருந்தால் ஆபத்தில்லையா? 'அயர்ன் மேன்' (2008) படத்தில் டோனி ஸ்டார்க், குகைக்குள் தட்டிக்கொட்டிச் செய்த முதல் கவசத்தோடு வானத்தில் எகிறி, பாலைவன மணலில் வந்து மோதுகிறான். கவசம் பிய்ந்து சிதறுகிறது. ஆள் எழுந்து நடக்கிறான்.

ஒரு முட்டையை எவர்சில்வர் டப்பாவுக்குள் வைத்து மாடியிலிருந்து போட்டால் டப்பாவுக்கு ஒன்றும் ஆகாது. முட்டைக்கு? டப்பா நின்ற பிறகும் உள்ளே இருக்கும் முட்டை நிற்கவில்லை. டப்பாவின் சுவரில் மோதித்தான் நிற்கிறது. கவசம் நின்ற பிறகு உடம்பு கவசத்தில் மோதுகிறது. உடம்பு நின்ற பிறகு மூளை மண்டையோட்டில் மோதுகிறது. எவ்வளவு உறுதியான கவசம் என்பது இங்கே கேள்வியே இல்லை. உள்ளே எவ்வளவு பஞ்சு வைத்திருக்கிறான் என்று கேட்க வேண்டும்.

அதே அயர்ன் மேன், மூன்றாம் பாகத்தில் (2013) செய்ததைப் பாராட்டியே ஆக வேண்டும். நடுவானில் பிய்ந்துபோன ஏர்ஃபோர்ஸ் ஒன் விமானத்திலிருந்து 13 பேர் விழுகிறார்கள். அயர்ன் மேன் அவர்களோடு சேர்ந்து விழுந்து, ஒருவர் கையை இன்னொருவர் பிடிக்கும்படி சங்கிலியாகக் கோத்து, மெல்ல மெல்ல வேகம் குறைத்துக் கடலில் இறக்கிவிடுகிறான். விழுபவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் போகும்போது, ஒருவருக்கொருவர் அசையாமல் நிற்பதுபோலத்தான். எட்டிப் பிடிக்கலாம், அடிபடாது. அந்தக் காட்சிக்காக நிஜமான ஸ்கைடைவிங் குழுவே விமானத்திலிருந்து குதித்தது. கம்ப்யூட்டரில் வரைந்த மனிதர்கள் விழுவதற்கும், உண்மையில் ஆட்கள் விழுவதற்கும் உள்ள வித்தியாசம் திரையிலேயே தெரியும்.

ரயிலை நிறுத்திய வலை

சாம் ராய்மியின் 'ஸ்பைடர்மேன் 2' (2004) ரயில் காட்சி பலரும் 'ஓவர்' என்று சிரித்த காட்சி. பிரேக் போன ரயிலின் முன்னால் நின்று, இரு பக்கக் கட்டடங்களிலும் வலைகளை ஒட்டி, நெஞ்சால் தாங்கி நிறுத்துவான் டோபி மக்வயர். மேலே சொன்ன லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் 2013-ல் இதையும் விடவில்லை. பெட்டிகளின் எடை, உள்ளே நெருக்கியடித்து நிற்கும் பயணிகளின் எடை எல்லாம் சேர்த்துப் பார்த்தார்கள். விடை: சுமார் 3 லட்சம் நியூட்டன் விசை. வலை அதைத் தாங்குமா? தாங்கும். மடகாஸ்கரில் இருக்கும் 'டார்வின் பட்டைச் சிலந்தி'யின் இழை அவ்வளவு வலுவானது என்று கண்டார்கள். சிரித்தவர்கள் மன்னிப்புக் கேட்கலாம்.

வலையின் வலுவைவிட முக்கியமானது நேரம். காட்சியில் ரயில் நிற்க ஒரு நிமிடத்துக்குச் சற்றே குறைவாக, 50 நொடி ஆகிறது. ஒவ்வொரு வலையாக இழுபட்டு, அறுந்து, மறுபடி இழுபட்டு நிற்கிறது. உள்ளே இருந்தவர்களுக்கு டவுன் பஸ் டிரைவர் பிரேக் போட்ட அளவுக்குக்கூட ஆட்டம் இருந்திருக்காது. ஒரே இழுப்பில் டக்கென்று நிறுத்தியிருந்தால் கைதட்டல் இன்னும் பலமாக இருந்திருக்கும். பெட்டிக்குள் ஒருவரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள்.

தன் உடம்பை வைத்தே சோதித்தவர்

கற்பனைக் கதாபாத்திரங்களை விட்டுவிட்டு, ஒரு நிஜ மனிதரிடம் வரலாம். ஜான் பால் ஸ்டாப், அமெரிக்க விமானப்படை மருத்துவர். சட்டென்று நின்றால் மனித உடல் எவ்வளவு தாங்கும் என்று கண்டுபிடிக்க, பொம்மையை அனுப்பியதோடு நிற்காமல் தானே போய் உட்கார்ந்தவர். 1954 டிசம்பர் 10. நியூ மெக்ஸிகோ பாலைவனத்தில், தண்டவாளத்தில் ஓடும் ராக்கெட் வண்டி. உடலைப் பட்டைகளால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். மணிக்கு சுமார் 1,017 கிலோமீட்டர் வேகத்தில் போய், 1.4 நொடியில் நின்றார். உச்சத்தில் அவர் உடல் தாங்கியது 46.2 மடங்கு.

க்வென்னுக்கு நாம் போட்ட கணக்கு 45. ஏறக்குறைய அதே எண்!

ஸ்டாப்பின் கண்களில் ரத்தக் குழாய்கள் வெடித்தன. சிறிது நேரம் பார்வையே இல்லை. பிறகு மீண்டுவந்தார். 89 வயதுவரை வாழ்ந்தார். அதே அடியில் அவர் பிழைக்க, க்வென் ஏன் பிழைக்கவில்லை? அவரை இருக்கையோடு சேர்த்துப் பல பட்டைகள் பிடித்திருந்தன. விசை உடல் முழுவதும் பகிர்ந்து விழுந்தது. அவளை ஒரே இழை, அதுவும் காலில் பிடித்திருந்தது. மொத்தச் சுமையும் மேலேறி வந்து சொடுக்கியது, தாங்க ஆளில்லாத கழுத்தை.

ஸ்டாப் அதோடு ஓய்ந்துவிடவில்லை. விமானப்படைக்காரர்கள் கார் விபத்திலேயே நிறைய பேர் சாகிறார்கள் என்று கண்டு, கார்களில் சீட் பெல்ட் வேண்டுமென்று ஊர் ஊராகப் பேசினார். 1966-ல் அமெரிக்க அதிபர் ஜான்சன் வாகனப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டபோது அவரும் அங்கே இருந்தார். இடுப்பையும் நெஞ்சையும் சேர்த்துப் பிடிக்கும் இன்றைய மூன்று முனை பெல்ட்டை 1959-ல் வடிவமைத்தவர் வால்வோ நிறுவனத்தின் நில்ஸ் போலின். காரின் முன்பகுதி நசுங்குவதும், ஏர் பேக் விரிவதும், ஸ்டன்ட் கலைஞர்கள் கீழே அட்டைப்பெட்டிகளை அடுக்கிவைத்துக் குதிப்பதும் ஒரே கணக்கு. நிற்கும் தூரத்தைக் கூட்டு.

வீட்டு வாசலில் நிற்கும் டூவீலருக்கும் இதே வகுத்தல்தான். ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து தலை தார்ச்சாலையில் மோதி 2 மில்லிமீட்டரில் நின்றால் 750 மடங்கு. ஹெல்மெட்டின் உள்ளே தெர்மாக்கோல்போல இருக்கும் அந்தப் பகுதி 3 சென்டிமீட்டர் நசுங்கிக்கொடுத்தால் 50 மடங்கு. பளபளவென்ற வெளி ஓடு டோனி ஸ்டார்க்கின் கவசம் மாதிரி. உயிரைக் காப்பது உள்ளே இருக்கும் அந்த மலிவான வெள்ளைப் பொருள். ஒருமுறை நசுங்கிவிட்டால் அது திரும்ப எழும்பாது. வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும் அந்த ஹெல்மெட்டின் வேலை முடிந்துவிட்டது.

மறுபடியும் ஒருத்தி விழுகிறாள்

2012-ல் வந்த 'தி அமேஸிங் ஸ்பைடர்மேன்' படத்துக்கு அறிவியல் ஆலோசகராக இருந்தவர், க்வென்னின் மரணத்தைக் கணக்குப் போட்ட அதே ககாலியோஸ். அதன் இரண்டாம் பாகத்தில் (2014) எம்மா ஸ்டோன் நடித்த க்வென், மணிக்கூண்டுக்குள் விழுகிறாள். ஆண்ட்ரூ கார்ஃபீல்டின் வலை, விரித்த கைபோல அவளை நோக்கிப் பாய்கிறது. பிடித்தும்விடுகிறது. ஆனால் தரைக்கு வெகு அருகில். நீள்வதற்கு வலைக்கு இடமே இல்லை. 1973-ன் முடிவேதான்.

'ஸ்பைடர்மேன்: நோ வே ஹோம்' (2021) படத்தில் அதே கார்ஃபீல்ட் மீண்டும் வருகிறார். சுதந்திர தேவி சிலையின் சாரத்திலிருந்து எம்ஜே விழுகிறாள். இந்த முறை அவன் மேலே நின்று அவள்மீது வலை வீசவில்லை. தானே பின்னால் குதிக்கிறான். அவளோடு சேர்ந்து விழுந்து, எட்டிப் பிடித்து, முழுதாக அணைத்துக்கொண்ட பிறகே தரையில் இறங்குகிறான். இறக்கிவிட்டு, நலமா என்று கேட்கிறான். அவள் தலையாட்டுகிறாள். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, அதே கேள்வியை அவள் அவனிடம் கேட்கிறாள்.