கூடுதலாகச் சுட்டால் கூடுதல் பலனா?

நுரையீரல் சிரைகளைப் பற்றி வகுப்பில் நாம் பெரும்பாலும் ஒரே செய்தியைத்தான் சொல்கிறோம்: சிரை என்று பெயர் இருந்தாலும் அவை ஆக்சிஜன் மிகுந்த இரத்தத்தைக் கொண்டுவருகின்றன. அவற்றுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. இடது ஆரிக்கிளின் தசை இழைகள் அச்சிரைகளுக்குள்ளும் சிறிது தூரம் நீண்டிருக்கின்றன. சிலருக்கு அங்கிருந்து தாறுமாறான மின்தூண்டல்கள் கிளம்பும். அப்போது எஸ்.ஏ. கணுவின் கட்டுப்பாடு எடுபடாது. ஆரிக்கிள்கள் சீராகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டிருக்கும். இதுவே ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். படபடப்போடு இது முடிவதில்லை. ஆரிக்கிளில் தேங்கும் இரத்தம் உறைந்து மூளைக்குச் சென்றால் பக்கவாதம் வரும்.

பிரான்சின் போர்தோ நகரில் மிஷேல் ஹாய்சகேர் குழுவினர் 45 நோயாளிகளிடம் 69 தூண்டல் மையங்களைக் கண்டறிந்து 1998-இல் வெளியிட்டனர். அவற்றுள் 94 விழுக்காடு நுரையீரல் சிரைகளில் இருந்தன. சிகிச்சைக்கு வழி பிறந்தது. தொடைச் சிரை வழியே கதீட்டர் என்னும் மெல்லிய குழாயை இதயத்துக்குள் செலுத்தி, சிரைகளின் வாயைச் சுற்றி வளையமாகச் சுடுகிறார்கள். சுட்ட இடம் தழும்பாகும். தழும்பு மின்தூண்டலைக் கடத்தாது. மடையை அடைத்தாற்போல்தான். சுடுவதற்குப் பதில் குளிர் பலூனால் உறையவைக்கும் முறையும் உண்டு. 762 பேரிடம் இரண்டையும் ஒப்பிட்ட 2016-ஆம் ஆண்டு ஆய்வில் பலன் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. ஆனால் உதரவிதானத்தை இயக்கும் நரம்பு பாதிக்கப்படுவது குளிர் முறையில் அதிகம்.

விட்டுவிட்டு வரும் நோய்க்கு இந்த வளையம் நன்கு உதவியது. விடாமல் நீடிக்கும் நோய்க்கு அந்த அளவுக்கு உதவவில்லை. எனவே மருத்துவர்கள் வளையத்தோடு நிற்காமல் ஆரிக்கிளுக்குள் கோடுகளாகவும் சுட்டனர். சிக்கலான மின்குறிகள் தென்பட்ட இடங்களையும் சுட்டனர். கேட்பதற்கு நியாயமாகத்தான் தோன்றும்.

2015-இல் வெளியான ‘ஸ்டார் ஏ.எஃப். 2’ ஆய்வு இதைச் சோதித்தது. நீடித்த நோயுள்ள 589 பேர் குலுக்கல் முறையில் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். வளையம் மட்டும் பெற்றவர்களில் 59 விழுக்காட்டினருக்கு 18 மாதங்கள் வரை நோய் திரும்பவில்லை. மின்குறி இடங்களையும் சுட்ட குழுவில் இது 49. கோடுகளும் போட்ட குழுவில் 46. கூடுதல் சூட்டினால் பலன் கூடவில்லை. சிகிச்சை நேரம் மட்டும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் கூடியது.

இந்த எண்களைக் கணித வகுப்புக்கும் கொண்டுபோகலாம். ‘அப்படியானால் குறைவாகச் சுடுவதே சிறந்தது, 59 பெரிதல்லவா?’ என்று மாணவர் கேட்பார். குழுக்களின் அளவைக் கரும்பலகையில் எழுதுங்கள்: முதல் குழுவில் 67 பேர், மற்றவற்றில் 263, 259. 67 பேரில் ஏழெட்டுப் பேரின் நிலை மாறினாலே விழுக்காடு பத்துக்கு மேல் நகர்ந்துவிடும். இந்த வேறுபாடு தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்பதால்தான், வளையம் மட்டுமே மேலானது என்று ஆய்வாளர்கள் சொல்லவில்லை. கூடுதலாகச் சுடுவதால் நன்மை தென்படவில்லை என்ற அளவோடு நிறுத்திக்கொண்டனர்.