அலுவலகத்தில் விருந்தோம்பல்



முப்பத்தைந்து ஆண்டுகள் ஆசிரியப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். பாடம் படியாத மாணவனைக் கண்டால், "படிக்காவிட்டால் எங்கேனும் காப்பித் தட்டுத்தான் ஏந்துவாய்" என்று கடிந்துரைப்பது அந்நாளில் என் வழக்கம். அச்சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்ள நேர்ந்த கதையையும், அதன் வழியே நான் அறிந்துகொண்ட ஒரு தொழிலின் இயல்பையும் இன்று சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் ஊர்க் கல்வி அறக்கட்டளையின் கணக்குத் தொடர்பாகச் சென்னையிலுள்ள பெரிய ஆடிட்டர் அலுவலகம் ஒன்றுக்குச் சென்ற ஆண்டு போயிருந்தேன். கூட்ட அறையில் அமர்ந்த சிறிது நேரத்தில் ஒருவர் காப்பி கொணர்ந்தார். மற்றவர்களுக்குச் சர்க்கரையிட்ட காப்பி. எனக்கு மட்டும் சர்க்கரை இல்லாதது. நான் வாய் திறந்து கேட்கவேயில்லை. வியந்து நிமிர்ந்து பார்த்தேன். என்னிடம் பத்தாம் வகுப்பில் படித்தவர் அவர்! என் கடுஞ்சொல்லைப் பலமுறை கேட்டவரும் அவரே.

கூட்டம் முடிந்தபின், "தம்பி, எனக்குச் சர்க்கரை நோய் என்று உனக்கு எப்படித் தெரியும்?" என்றேன். "நேற்றே உங்கள் அறக்கட்டளை எழுத்தரைத் தொலைபேசியில் கேட்டுக்கொண்டேன், ஐயா. யார் வந்தாலும் அப்படித்தான்" என்றார்.

அந்த "நேற்றே" என்னும் சொல்லில்தான் இத்தொழிலின் பாதி அடங்கியிருக்கிறது. மறுநாள் எத்தனை கூட்டங்கள், எந்த அறையில், எத்தனை பேர் என்பதை முதல்நாள் மாலையே அவர் குறித்துக்கொள்கிறார். வருபவருள் சமணர் இருந்தால் வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு ஆகா. நோன்புக் காலமாயின் இசுலாமிய அன்பரின் உணவு நேரம் வேறு. சிலருக்கு நிலக்கடலை சிறிதளவு பட்டாலும் ஒவ்வாமையால் மூச்சுத் திணறி உயிருக்கே தீங்கு நேரலாம். ஆகவே சட்னியில் என்ன கலந்திருக்கிறது என்பதைச் சமைப்பவரிடம் கேட்டறிதலும் அவர் கடமையாகும்.

அடுத்தது நேரத்தைப் பற்றியது. பகல் உணவு பன்னிரண்டரைக்கு வந்து சேர்கிறது. பேச்சோ மூன்று மணி வரை நீள்கிறது என்று வைத்துக்கொள்வோம். சமைத்த உணவைச் சாதாரண அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. சூடான உணவு 60 பாகை செல்சியசுக்கு மேலும், குளிர்ந்த உணவு 5 பாகைக்குக் கீழும் இருத்தல் வேண்டும். இடைப்பட்ட வெப்பத்தில் நோய்க் கிருமிகள் விரைந்து பெருகும். சோற்றில் வளரும் ஒருவகைக் கிருமி உண்டாக்கும் நஞ்சு, மீண்டும் சூடாக்கினாலும் அழிவதில்லை. ஒருமுறை இவ்வாறு நேரம் கடந்த உணவை என் மாணவர் பரிமாற மறுத்திருக்கிறார். "இவ்வளவு பணமும் வீணா?" என்று மேலவர் ஒருவர் சினந்தார். இவரோ அருகிலிருந்து தயிரும் பழங்களும் வருவித்து இட்டு நிலைமையைச் சமாளித்தாராம். மேலவர் சினத்துக்கு அஞ்சிப் பரிமாறியிருந்தால், அதன் பயனை விருந்தினர் வயிறன்றோ அனுபவித்திருக்கும்!

இவற்றினும் அரியது ஒன்று உண்டு. அன்று கூடத்தில், செய்தித்தாள்களில் அடிக்கடி படம் வெளிவரும் தொழிலதிபர் ஒருவரை நான் கண்டேன். "அவருக்கு இங்கே என்ன வேலை?" என்று என் மாணவரிடம் மெல்லக் கேட்டேன். அவர் புன்னகை செய்து, "மன்னிக்க வேண்டும், ஐயா. அந்த அறைக்குள் எனக்குக் காதும் இல்லை, கண்ணும் இல்லை" என்றார். வகுப்பில் எத்தனையோ முறை ஒழுக்கம் போதித்த நான், அந்தக் கணத்தில் மாணவனானேன்.

பிறகுதான் காரணத்தைப் படித்தறிந்தேன். தம்மை நாடி வருவோரின் செய்திகளை அவர்கள் இசைவின்றியும் சட்டத்தின் கட்டாயமின்றியும் வெளியிடுதல் ஆடிட்டருக்குக் குற்றம் என்று 1949ஆம் ஆண்டுப் பட்டயக் கணக்கர் சட்டம் கூறுகிறது. இரண்டு நிறுவனங்கள் ஒன்றாக இணையப்போகும் செய்தி, ஊரறியுமுன் அத்தகைய அறையில் பேசப்படலாம். அதைக் கேட்டு யாரேனும் பங்குகளை வாங்கினால், அறியாத பிறர் நட்டமடைவர். இதைத் தடுக்கவே பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைப்பு 2015ஆம் ஆண்டில் விதிகளை வகுத்தது. அவ்விதிகள், பதவி எதுவாயினும், விலையைப் பாதிக்கும் வெளிவராத செய்தி கைவரப் பெற்ற எவரையும் கட்டுப்படுத்தும். காப்பி கொணர்பவரும் அவர்களுள் ஒருவரே. எனவே பேச்சு ஓய்ந்த வேளை பார்த்து உள்ளே செல்லுதல், மேசைமேல் விரிந்த தாள்களை நோக்காதிருத்தல், கோப்பைகளை மட்டும் எடுத்து ஏடுகளைத் தொடாது வருதல் ஆகியவை வெறும் நாகரிகமல்ல. நம்பிக்கையைக் காக்கும் முறைகளாம்.

திருக்குறளில் விருந்தோம்பலுக்கென்றே ஓர் அதிகாரம் உண்டு. அது இல்லறத்தின் அறம். வீட்டுக்கு வரும் விருந்தினர் நம் அன்பை நாடி வருகிறார். அலுவலகத்துக்கு வருபவரோ தம் கவலையையும் கணக்கையும் சுமந்து வருகிறார். அவர் மனம் அமைதியுறுமாறு பேணுதல் இங்கே அறமாகிறது.

இதைக் கல்வியாகவே பயிற்றும் நிலையங்கள் நம் நாட்டில் உண்டு. 1954ஆம் ஆண்டில் பம்பாயில் அத்தகைய நிலையம் ஒன்று தோன்றியது. சென்னைத் தரமணியிலும் ஒன்று இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தோர் அகில இந்திய நுழைவுத் தேர்வு எழுதி இவற்றில் சேரலாம். உணவியல், தூய்மை, கணக்கு, மொழி யாவும் அங்கே பாடங்கள்.

விடைபெறும்போது, "அன்று வகுப்பில் நான் சொன்னது தவறு, தம்பி" என்றேன். அவர் அதற்கு மறுமொழி கூறவில்லை. "இரண்டு மணிக்கு மாத்திரை உண்டென்று எழுத்தர் சொன்னாரே, ஐயா" என்று ஒரு குவளை வெந்நீரை என் கையில் தந்தார்.