தடுப்பு மருந்து கொடுத்த பிறகும் வயிற்றுப்போக்கு வருவது ஏன்?
ரோட்டா வைரஸின் பல வகைகள் குறித்துப் பெற்றோர் அறிய வேண்டியவை

“மூன்று தவணையும் தவறாமல் கொடுத்துவிட்டோமே டாக்டர், பிறகு எப்படிக் குழந்தைக்கு ரோட்டா வந்தது?” குழந்தைகள் நலப் பிரிவில் ஒவ்வோர் ஆண்டும் பலமுறை நான் எதிர்கொள்ளும் கேள்வி இது. கேட்கும் தாயின் முகத்தில் கவலையோடு ஒரு குற்றவுணர்வும் தெரியும். சிலருக்குத் தடுப்பு மருந்தின் மீதே ஐயம் எழுகிறது; அடுத்த குழந்தைக்கு அதைக் கொடுக்கத்தான் வேண்டுமா என்று கேட்கின்றனர். இதற்கான விடை இவ்வைரஸ் பரவும் முறையிலும், அதன் மரபணு அமைப்பிலும், நம் குழந்தைகளின் உடல் அதற்கு எதிர்ப்பாற்றலைப் பெறும் விதத்திலும் அடங்கியிருக்கிறது.

எல்லாக் குழந்தைகளையும் தொடும் தொற்று

1973ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில், ரூத் பிஷப் என்னும் அறிவியலாளரும் அவருடைய குழுவினரும் வயிற்றுப்போக்கால் பாதிக்கப்பட்ட குழந்தைகளின் சிறுகுடல் திசுவை மின்னணு நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது இக்கிருமியைக் கண்டறிந்தனர். பார்ப்பதற்குச் சக்கரம் போல் இருந்ததால், சக்கரத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லான ‘ரோட்டா’ இதற்குப் பெயராயிற்று.

நோயுற்ற குழந்தையின் ஒரு கிராம் மலத்தில் ஆயிரம் கோடிக்கும் மேற்பட்ட வைரஸ் துகள்கள் இருக்கக்கூடும். ஆனால் மற்றொரு குழந்தைக்குத் தொற்று ஏற்பட நூற்றுக்கும் குறைவான துகள்களே போதும். பொம்மை, கதவின் கைப்பிடி ஆகியவற்றில் இது நாட்கணக்கில் உயிர்ப்புடன் இருக்கும். எனவேதான், தூய குடிநீரும் நல்ல கழிப்பறை வசதியும் உள்ள செல்வ நாடுகளிலும் தடுப்பு மருந்து வருவதற்கு முன் ஐந்து வயதுக்குள் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளுக்கும் இத்தொற்று ஏற்பட்டது. ஆகவே, உங்கள் குழந்தைக்கு ரோட்டா வந்தது என்பதற்காக உங்கள் வீட்டின் தூய்மையில் குறை இருப்பதாக எண்ண வேண்டியதில்லை.

பதினொரு துண்டுகளும் பல வகைகளும்

இவ்வைரஸின் மரபுப் பொருள் ஒரே இழையாக இல்லை. 11 தனித்தனித் துண்டுகளாக உள்ளது. வைரஸின் வெளியுறையில் இரண்டு முக்கியப் புரதங்கள் உள்ளன. அவற்றுள் ஒன்றைக் கொண்டு ‘ஜி’ வகை என்றும், மற்றொன்றைக் கொண்டு ‘பி’ வகை என்றும் பெயரிடுகிறோம். ஆய்வக அறிக்கைகளில் காணப்படும் ஜி1பி[8], ஜி2பி[4], ஜி9பி[8] போன்ற குறியீடுகள் இவ்வாறு வந்தவையே.

இத்தனை வகைகள் தோன்ற இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, வைரஸ் தன்னைப் படியெடுக்கும்போது நேரும் சிறு பிழைகள். பார்த்து எழுதும்போது எழுத்துகள் மாறிப்போவது போன்றது இது. இரண்டாவது, துண்டுகள் இடம் மாறுதல். ஒரே குடல் உயிரணுவுக்குள் இருவேறு வகைகள் ஒரே நேரத்தில் நுழைந்தால், பிறக்கும் புதிய வைரஸ் சில துண்டுகளை ஒன்றிடமிருந்தும் மற்றவற்றை இன்னொன்றிடமிருந்தும் பெறலாம். 11 துண்டுகளையும் இவ்வாறு கலந்தால் கணக்குப்படி 2,048 சேர்க்கைகள் அமையக்கூடும். அவற்றுள் சிலவே நிலைத்துப் பரவும். மாடு, பன்றி ஆகியவற்றின் ரோட்டா வைரஸ்களும் சில சமயம் மனித வைரஸ்களோடு இவ்வாறு கலக்கின்றன. வேலூரில் பச்சிளங்குழந்தைகளிடம் கண்டறியப்பட்ட ஜி10பி[11] என்ற வகையில் மாட்டு வைரஸின் துண்டுகள் இருந்தன.

ஆகையால், ஓர் ஊரில் ஓராண்டு மிகுதியாகக் காணப்படும் வகை சில ஆண்டுகளில் பின்தங்கி, வேறொன்று முன்னுக்கு வருவது இயல்பு.

வேலூரும் மெக்சிகோவும் காட்டிய வேறுபாடு

ஒருமுறை வந்தால் மீண்டும் வராதா? இக்கேள்விக்கு மெக்சிகோவில் 200 குழந்தைகளைப் பிறப்பு முதல் தொடர்ந்து கண்காணித்த ஆய்வு 1996இல் ஒரு விடை தந்தது. இரண்டு முறை இயற்கைத் தொற்று ஏற்பட்ட பிறகு, எந்தக் குழந்தைக்கும் மிதமான அல்லது கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கு வரவில்லை.

வேலூரில் 373 குழந்தைகளை மூன்று வயது வரை பின்தொடர்ந்த ஆய்வின் முடிவுகள் 2011இல் வெளிவந்தன. அங்கு நிலைமை வேறாக இருந்தது. ஆறு மாதம் நிறைவதற்குள்ளேயே 56 விழுக்காடு குழந்தைகளுக்குத் தொற்று ஏற்பட்டுவிட்டது. மூன்று தொற்றுகளுக்குப் பிறகும் கடுமையான அல்லது மிதமான நோயிலிருந்து கிடைத்த பாதுகாப்பு 79 விழுக்காடே. அங்கு மிகுதியாகப் பரவிய ஜி1பி[8] வகை ஒருமுறை வந்ததால், அதே வகைக்கு எதிராகத் தனிப்பாதுகாப்பு கிடைத்ததற்கும் சான்று இல்லை.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் புலப்படுகின்றன. வைரஸின் வகைகள் பல என்பது மட்டுமே மீண்டும் நோய் வருவதற்குக் காரணம் அன்று. மிக இளம் வயதிலேயே, திரும்பத் திரும்பத் தொற்று ஏற்படும் சூழலும் காரணம். எனினும், ஒவ்வொரு தொற்றுக்குப் பிறகும் அடுத்த தாக்குதலின் கடுமை குறைகிறது. உடல் படிப்படியாகக் கற்றுக்கொள்கிறது.

தடுப்பு மருந்து செய்யும் பணி

அந்தக் கற்றலை ஆபத்தின்றித் தொடங்கிவைப்பதே தடுப்பு மருந்தின் பணி. 2016இல் இந்திய அரசின் தடுப்பூசித் திட்டத்தில் சேர்க்கப்பட்ட இம்மருந்து, 2017 முதல் தமிழ்நாட்டிலும் வழங்கப்படுகிறது. ஆறு, பத்து, பதினான்கு வாரங்களில் வாய்வழியாகக் கொடுக்கப்படுகிறது.

இந்தியாவில் உருவான ‘ரோட்டாவாக்’ மருந்து, தில்லியில் பச்சிளங்குழந்தைகளிடம் நோய்க்குறி எதுவும் இன்றிக் காணப்பட்ட ஜி9பி[11] வகையைச் சேர்ந்தது. தில்லி, புனே, வேலூர் ஆகிய இடங்களில் நடந்த ஆய்வில், முதல் ஆண்டில் கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கை ஏறத்தாழ 56 விழுக்காடு அது குறைத்தது. மருந்தில் இருப்பது ஒரு வகையே ஆயினும், வேறு வகைகளுக்கு எதிராகவும் அது பயன் அளித்தது.

56 என்பது 100 அன்று. அதை நான் மறைக்கவில்லை. மருந்து இல்லாவிட்டால் கடுமையாக நோயுற்றிருக்கக்கூடிய நூறு குழந்தைகளில் ஐம்பத்தாறு பேர் அந்நிலையை அடையாமல் தப்பினர் என்பது இதன் பொருள். எஞ்சியோரைக் காப்பது உப்பு-சர்க்கரைக் கரைசலும் உரிய நேரத்தில் கிடைக்கும் சிகிச்சையுமே.

நோய் வந்தால்

பெரும்பாலும் முதலில் வாந்தியும் காய்ச்சலும், பின்னர் நீராகக் கழிதலும் தோன்றும். மூன்று முதல் எட்டு நாட்கள் நீடிக்கலாம். உயிருக்கு ஆபத்து உடலிலிருந்து நீரும் உப்பும் வெளியேறுவதால் வருவது. வந்தது எந்த வகை வைரஸாக இருந்தாலும் சிகிச்சை ஒன்றே. எனவே வகையைக் கண்டறியும் பரிசோதனை உங்கள் குழந்தைக்குத் தேவையில்லை. அது ஊரளவில் நோயைக் கண்காணிப்போருக்கு உரியது.

• ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் குறிப்பிட்ட அளவு நீரில், முழுப் பொட்டலத்தையும் கரையுங்கள். 24 மணி நேரத்துக்குப் பின் மீதியைக் கொட்டிவிடுங்கள்.
• இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு, ஒவ்வொரு முறை கழிந்த பின்னும் 50 முதல் 100 மி.லி. வரை சிறுகச் சிறுகக் கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, கரண்டியால் மெதுவாகத் தொடருங்கள்.
• தாய்ப்பாலையும் வழக்கமான உணவையும் நிறுத்தாதீர்கள்.
• மருத்துவர் தரும் துத்தநாக (ஜிங்க்) மருந்தை, கழிச்சல் நின்ற பிறகும் சொன்ன நாள் வரை கொடுங்கள்.
• வைரஸ் மீது ஆன்டிபயாடிக் செயல்படாது. பேதியை உடனே நிறுத்தும் மாத்திரைகளைக் குழந்தைகளுக்குக் கொடுக்கலாகாது.
• துணி மாற்றிய பின்னும், உணவு ஊட்டுவதற்கு முன்னும் சோப்பிட்டுக் கை கழுவுங்கள்.

பல் முளைப்பதால் வந்த பேதி என்று காத்திருப்பதாலும், தொக்கம் எடுக்க அழைத்துச் செல்வதாலும் கடந்துபோகும் சில மணி நேரமே கைக்குழந்தைக்குப் பெரும் இழப்பாகிவிடக்கூடும்.

உடனே மருத்துவமனைக்கு வர வேண்டிய அறிகுறிகள்

கண்கள் குழிவிழுதல், உச்சிக்குழி உள்வாங்குதல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் கழியாமை, சோர்ந்து துவளுதல், எதையும் குடிக்க இயலாமை, குடித்ததையெல்லாம் வாந்தி எடுத்தல், மலத்தில் இரத்தம், விட்டுவிட்டு வீறிட்டு அழுதலோடு வயிறு உப்புதல், பச்சை நிற வாந்தி. இரவாயினும் விடியும் வரை காத்திருக்க வேண்டாம்.

தொடக்கத்தில் கூறிய தாய்க்கு நான் அளிக்கும் விடை இதுதான்: நீங்கள் எதையும் தவறவிடவில்லை. தடுப்பு மருந்து நோயே வாராமல் தடுக்கும் சுவர் அன்று. வரும் நோயின் வேகத்தைத் தணிக்கும் அணை. அடுத்த குழந்தைக்கும் மூன்று தவணைகளையும் உரிய வாரத்தில் கொடுங்கள், ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இரண்டை எப்போதும் வீட்டில் வைத்திருங்கள்.